கணக்கு யார் கையில்? பந்தயத் தரகர்களின் நூற்று நாற்பது ஆண்டு வழக்கு

மாதம் ஒருமுறை நம் வானொலியில் வரவு செலவு பற்றிப் பேசுகிறவன் நான். வருமான வரி, ஜி.எஸ்.டி., வீட்டுக் கடன் என்று வழக்கமாகப் பேசும் பொருள்களை விட்டு, இம்மாதம் சூதாட்டத்தின் பக்கம் வந்திருக்கிறேன். சூதாடுகிறவரைப் பற்றிப் பலரும் பேசியாயிற்று. சூதாட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவரைப் பற்றித்தான் இந்த உரை.

இணையத்தில் நடக்கும் சூதாட்ட நிறுவனங்களுக்கு வாடிக்கையாளரைப் பிடித்துத் தருகிறவர்களை அஃபிலியேட் என்கிறார்கள். நம் வசதிக்காக இணைப்புத் தரகர் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொந்தமாக ஓர் இணையதளம் நடத்துகிறார். எந்தக் கசினோ நல்லது, எது சீக்கிரம் பணம் தருகிறது என்று எழுதுகிறார். கீழே ஓர் இணைப்பு கொடுக்கிறார். அந்த இணைப்பின் வழியாகப் போய் ஒருவர் பணம் கட்டி விளையாடினால் தரகருக்குப் பங்கு உண்டு. மாதக் கடைசியில் நிறுவனம் ஒரு திரையில் கணக்குக் காட்டும், பிறகு பணம் அனுப்பும்.

ஒரு நாள் காலை அந்தத் திரை திறக்காது. "விதிமுறைகளின்படி உங்கள் கணக்கு மூடப்பட்டது" என்று இரண்டு வரியில் கடிதம் வரும். சேர்ந்திருந்த கமிஷன் போயிற்று. அவர் சேர்த்துக் கொடுத்த வாடிக்கையாளர்களோ நிறுவனத்திலேயே இருந்து தொடர்ந்து விளையாடுவார்கள். 1990களின் கடைசியிலிருந்து இந்தத் தொழிலில் ஓயாமல் நடந்துவரும் சண்டை இது.

இதை இணையம் கொண்டுவந்த புதுச் சங்கடம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பந்தயத்துக்கும் பணத்துக்கும் நடுவே நிற்கும் தரகர் நூற்று நாற்பது ஆண்டுகளாக இதே வழக்கைப் பேசி வருகிறார். ஒவ்வொரு காலத்திலும் வழக்கு ஒரே கேள்வியில்தான் போய் நின்றிருக்கிறது: கணக்குப் புத்தகம் யார் கையில் இருந்தது, அதை வேறு யார் பார்க்க முடிந்தது?

லண்டனில் தொடங்கிய கதை

பிரிட்டனில் 1845ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம், பந்தய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு வராதே என்று சொல்லிவிட்டது. தோற்றவர் கொடுக்காவிட்டால் ஜெயித்தவர் வழக்குப் போட முடியாது. ஆனால் குதிரைப் பந்தயம் பெரும்பாலும் தரகர்கள் மூலமாக நடந்தது. கனவான் சொல்வார், தரகர் தம் பெயரில் பந்தயம் கட்டுவார். தோற்றால் தரகர் முதலில் கொடுத்துவிட்டுக் கனவானிடம் வாங்கிக்கொள்வார்.

இப்படி ஒரு கனவான் தோற்றபின் கையை விரித்ததில் பிறந்ததுதான் ரீட் - ஆண்டர்சன் வழக்கு. பந்தயம் செல்லாது, ஆகவே உனக்குத் தர வேண்டியதும் இல்லை என்றார் கனவான். தரகரோ, நான் கொடுக்காவிட்டால் பந்தய வட்டாரத்தில் என் பெயரே கெட்டுப் பிழைப்புப் போய்விடும், நீங்கள் சொல்லித்தானே கட்டினேன் என்றார். 1884இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தரகர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அந்த வெற்றி எட்டு ஆண்டுதான் நிலைத்தது. 1892இல் பாராளுமன்றம் புதுச் சட்டம் இயற்றி, தரகர் கட்டிய பணத்தை மட்டுமல்ல, அவருக்குப் பேசிய கமிஷனையும் கேட்க முடியாதபடி செய்தது. அந்த நிலைமை 115 ஆண்டு நீடித்து, 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோதுதான் மாறியது.

நம் ஊரில் பி.காம். படித்தவர்கள் வணிகச் சட்டத் தாளில் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 30 என்று ஒன்றை மனப்பாடம் செய்திருப்பார்கள். பந்தய ஒப்பந்தம் செல்லாது என்பது அந்தப் பிரிவு. கூடவே பேராசிரியர் ஒரு வித்தியாசம் சொல்லிக்கொடுப்பார்: செல்லாதது வேறு, சட்டவிரோதம் வேறு. ஹாப்பூர் கோதுமைச் சந்தையில் விலையேற்ற இறக்கத்தின் மேல் பந்தயம் கட்டிய இரு கூட்டாளிகள், நட்டத்தைப் பகிர்ந்துகொள்வதில் மோதிக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கேர்லால் பராக் வழக்கு, 1959. பந்தயம் செல்லாது, ஆனாலும் அது சட்டம் தடுத்த காரியம் அல்ல, ஆகையால் அதைச் சார்ந்து கூட்டாளிகள் செய்துகொண்ட ஏற்பாடு செல்லும் என்றது நீதிமன்றம். ஆக, ஒரே கேள்விக்கு லண்டன் ஒரு பதிலும் டெல்லி ஒரு பதிலும் சொன்னது. தரகருக்கு எந்த ஊர் நீதிமன்றம் என்பதே பாதி வழக்கு. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லர்ஸ்லியில் நின்ற இயந்திரம்

இனி நம் ஆக்லாந்துக்கு வருவோம். எல்லர்ஸ்லி குதிரைப் பந்தயத் திடலைத் தெரியாதவர் இங்கே இருக்க முடியாது. உலகின் முதல் தானியங்கி டோட்டலிசேட்டர் 1913இல் அங்கேதான் நிறுவப்பட்டது.

டோட்டலிசேட்டர் என்றால் என்ன? பந்தயத்தில் எல்லோரும் கட்டிய பணத்தை ஒரே குவியலாக்கி, திடலுக்கும் அரசுக்கும் உரியதைக் கழித்துக்கொண்டு, மீதியை ஜெயித்தவர்களுக்குள் பிரித்துக் கொடுக்கும் முறை. 1867இல் பாரிஸில் ஜோசப் ஒல்லர் என்பவர் கண்ட வழி இது. நியூசிலாந்தில் 1881ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கு உரிமம் கொடுத்தது. ஆனால் குமாஸ்தாக்கள் கையால் எண்ணிக் கூட்டியதால் பிழையும் சந்தேகமும் தீரவில்லை. குதிரை ஓடத் தொடங்கிய பிறகும் டிக்கெட் விற்றார்களா? இந்தக் குதிரையின் மேல் விழுந்தது உண்மையில் எவ்வளவு? பந்தயம் கட்டியவருக்குத் தெரிய வழியில்லை.

இதற்கு விடை கொடுத்தவர் ஜார்ஜ் ஜூலியஸ். கிரைஸ்ட்சர்ச் பிஷப்பின் மகன், கான்டர்பரி கல்லூரியில் பொறியியல் படித்தவர். தேர்தலில் வாக்கு எண்ணத்தான் முதலில் ஓர் இயந்திரம் வடிவமைத்தார். அரசு வேண்டாம் என்றது. அதையே பந்தயப் பணம் எண்ணும் இயந்திரமாக மாற்றினார். பிஷப் வீட்டுப் பிள்ளை வாக்கை எண்ணப் புறப்பட்டுக் கடைசியில் சூதாட்டப் பணத்தை எண்ணியது ஒரு வேடிக்கைதான். கம்பிகளும் சங்கிலிகளும் கனமான எடைகளும் கொண்ட அந்த இயந்திரம் ஒரு கட்டடம் நிறைய இருந்தது. முப்பது ஜன்னல்களில் டிக்கெட் விற்கலாம். எந்த ஜன்னலில் ஒரு டிக்கெட் விற்றாலும் அந்தக் குதிரையின் எண்ணும் மொத்த எண்ணும் வெளியே பலகையில் உடனே ஏறும்.

கணக்கனாகிய எனக்கு இதில் பிடித்தது அந்தப் பலகைதான். சூது நல்லதா கெட்டதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பவுன் கட்டினவரும் நூறு பவுன் கட்டினவரும் திடலின் காரியதரிசியும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணைப் பார்த்தார்கள். பேரேடு திடலின் நடுவில் திறந்து கிடந்தது. பின்னாளில் உலகெங்கும் பந்தயத் திடல்கள் ஜூலியஸின் இயந்திரத்தை வாங்கியதற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

திடலுக்கு வெளியே இருந்த உலகம் வேறு. 1910ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் புக்மேக்கர்களைத் திடலைவிட்டு விரட்டியது, 1920ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தத் தொழிலையே குற்றமாக்கியது. தொழில் நின்றுவிடவில்லை. மதுக்கடைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் பந்தயச் சீட்டு வாங்கிக் கொடுக்கும் ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்குக் கமிஷன் உண்டு. இன்றைய இணைப்புத் தரகரின் பாட்டனார் என்று அவர்களைச் சொல்லலாம். புக்மேக்கர் கமிஷனைத் தராவிட்டால் இவர்கள் யாரிடம் போய் முறையிடுவது? குற்றமான தொழிலுக்கு நீதிமன்றம் துணை வராது. கணக்கு புக்மேக்கரின் சட்டைப் பையில் இருந்தது.

1949இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. திடலுக்கு வெளியேயும் சட்டப்படி பந்தயம் கட்டலாம் என்று மக்கள் ஒப்புக்கொண்டார்கள். 1951இல் டி.ஏ.பி. தொடங்கியது. அதன் கிளைகளிலும் ஏஜென்சிகளிலும் எழுதிய ஒவ்வொரு சீட்டும் பொதுக் கணக்கில் சேர்ந்தது. சட்டைப் பைக் கணக்கு மறுபடி பொதுப் பலகைக்கு வந்தது என்று இதைச் சொல்லலாம்.

ஒரே நாளில் மூடிய கடைகள்

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு லாட்டரிச் சீட்டைச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவாகாது. 1968இல் அண்ணா ஆட்சியில் தமிழக அரசின் பரிசுச் சீட்டு தொடங்கியது. பஸ் நிலையங்களிலும் டீக்கடை ஓரங்களிலும் தட்டியில் சீட்டுகளைத் தொங்கவிட்டு விற்றவர்களை என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவர்களில் உடல் ஊனமுற்றவர்கள் பலர். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரியைத் தடை செய்தது. வாங்கிக் கடனாளியான குடும்பங்களுக்கு அது விடுதலை. விற்றவருக்கு ஒரே நாளில் பிழைப்பு போயிற்று.

ஆனாலும் அந்தச் சீட்டு வியாபாரிக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. அவர் சீட்டை ஏஜென்டிடம் வாங்கி, விலை வைத்து விற்று, தம் லாபத்தை அன்று மாலையே மடியில் முடிந்துகொள்வார். விற்ற சீட்டின் லாபத்தை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. இன்றைய இணைப்புத் தரகருக்கு இந்த மாலைக் கணக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைப் பார்ப்போம்.

திரையில் மட்டும் தெரியும் எண்

1994இல் கரீபியன் தீவு நாடான ஆன்டிகுவா - பர்புடா ஒரு சட்டம் இயற்றி இணையச் சூதாட்டத்துக்கு உரிமம் கொடுக்க வழி செய்தது. 1996இல் அமேசான் புத்தகக் கடை, ஆள் அனுப்பும் இணையதளங்களுக்குக் கமிஷன் தரும் திட்டத்தைத் தொடங்கியது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் சூதாட்ட இணைப்புத் தரகு. ஒரு வித்தியாசம் உண்டு. புத்தகம் விற்றால் ஒருமுறை கமிஷன், அதோடு கணக்கு முடிந்தது. கசினோக்களோ, நீங்கள் அனுப்பும் ஆள் விளையாடும் காலமெல்லாம் அவர் தோற்பதில் உங்களுக்குப் பங்கு என்று சொன்னார்கள். "வாழ்நாள் கமிஷன்" என்று விளம்பரமும் செய்தார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, முறை உண்மை. நீங்கள் அனுப்பிய நூறு பேர் ஒரு மாதத்தில் 20,000 டாலர் தோற்கிறார்கள். நிறுவனம் அதில் தான் கொடுத்த போனஸ் 4,000, பணப் பரிமாற்றச் செலவு 2,000, வரி 2,400 என்று கழித்துவிட்டு 11,600 டாலரை நிகர வருமானம் என்கிறது. உங்கள் பங்கு 30 சதவீதம் என்றால் 3,480 டாலர். அடுத்த மாதம் தொண்ணூற்றொன்பது பேர் 10,000 தோற்க, ஒருவர் மட்டும் 25,000 ஜெயித்துவிட்டார். செலவுகளைச் சேர்க்காமலே 15,000 நட்டம். உங்கள் பங்கு 4,500 டாலர் கழித்தல் குறியோடு திரையில் நிற்கும். சில திட்டங்கள் மாதக் கடைசியில் அதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். சில திட்டங்கள் அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகும்.

இந்த எண்களில் ஒன்றையாவது தரகர் சரிபார்க்க முடியுமா? யார் விளையாடினார், எவ்வளவு தோற்றார், போனஸ் எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுதுவது நிறுவனம். தரகருக்குத் தெரிவது நிறுவனம் காட்டும் ஒற்றை எண். எல்லர்ஸ்லியில் பலகை வெளியே நின்றது. இங்கே பலகையைத் திருப்பி உள்பக்கம் வைத்துவிட்டார்கள். கணக்கை மூடினால் அந்த ஒற்றை எண்ணும் மறைந்துபோகும்.

மூடுவதற்குச் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் சில வகைக்குள் அடங்கும். தரகரே தம் இணைப்பில் தாமோ தம் வீட்டாரோ விளையாடினார் என்பது ஒன்று. நிறுவனத்தின் பெயரையே தேடுபொறியில் விலைக்கு வாங்கி விளம்பரம் செய்தார் என்பது இன்னொன்று. மூன்று மாதம் புது ஆள் யாரையும் அனுப்பவில்லை என்பது மூன்றாவது. இவை எதுவும் இல்லாமல் காரணமே சொல்லாமல் மூடவும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும்.

மூன்று பெரிய மூடல்கள்

தனித்தனிச் சண்டைகளுக்கு அப்பால், ஆயிரக்கணக்கான தரகர்களை ஒரே சமயத்தில் தாக்கிய சம்பவங்கள் உண்டு. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது 2006 அக்டோபர். இணையச் சூதாட்டத்துக்குப் பணம் செலுத்துவதைத் தடுக்கும் சட்டத்தில் அமெரிக்க அதிபர் புஷ் கையெழுத்திட்டது அந்த மாதம் 13ஆம் தேதி. லண்டன் பங்குச் சந்தையில் இருந்த பார்ட்டிகேமிங் நிறுவனம் அமெரிக்க வாடிக்கையாளர்களை விட்டு விலகியது. அதன் பங்கு விலை ஒரே நாளில் பாதிக்கு மேல் சரிந்தது. ஸ்போர்ட்டிங்பெட் தன் அமெரிக்கத் தொழிலை ஒரே ஒரு டாலருக்குக் கைமாற்றிவிட்டது. பங்குதாரர்களின் நட்டம் பத்திரிகைகளில் வந்தது. வாழ்நாள் கமிஷன் என்று நம்பி அமெரிக்க ஆட்களைச் சேர்த்துக் கொடுத்த தரகர்களின் நட்டத்தை எழுத எந்த ஐந்தொகையிலும் இடம் இல்லை.

இரண்டாவது 2011 ஏப்ரல் 15. மூன்று பெரிய போக்கர் தளங்களின் மேல் அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. அவற்றில் ஒன்றான ஃபுல் டில்ட், விளையாடுபவர்களுக்கு ஏறத்தாழ 39 கோடி டாலர் தர வேண்டியிருந்தபோது வங்கியில் 6 கோடி மட்டுமே வைத்திருந்தது என்று அரசு வழக்கறிஞர்கள் சொன்னார்கள். திரையில் எண் இருந்தது, பெட்டியில் பணம் இல்லை. 2012இல் போக்கர்ஸ்டார்ஸ் நிறுவனம் 73.1 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அமெரிக்காவில் விளையாடியவர்களுக்கு 2014இல்தான் பணம் திரும்பத் தொடங்கியது.

மூன்றாவது 2017. பிரிட்டனின் ஸ்கைபெட் தன் பிரிட்டிஷ் இணைப்புத் தரகுத் திட்டத்தையே மூடுவதாக அந்த செப்டம்பரில் அறிவித்தது. அதற்குச் சொன்ன காரணம், தரகர்கள் என்ன எழுதினாலும் அதற்கு நிறுவனமே பொறுப்பு என்ற கட்டுப்பாட்டு விதி. அந்த மே மாதம்தான் பி.ஜி.ஓ. என்ற நிறுவனத்துக்கு, தன் தளத்திலும் தரகர் தளங்களிலும் வந்த தவறான விளம்பரங்களுக்காக 3 லட்சம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டிருந்தது.

இந்த மூன்றாவது சம்பவத்தில் நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். அதே 2017 செப்டம்பரில் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் ஒரு விளம்பரத்தைக் கண்டித்தது. செய்திக் கட்டுரை போல வேஷம் போட்ட விளம்பரம் அது. கடனில் மூழ்கிய ஒருவர், அவர் மனைவிக்குப் புற்றுநோய், இணையக் கசினோவில் விளையாடி எல்லாம் தீர்ந்தது என்று கதை போகும். எழுதியவர் ஓர் இணைப்புத் தரகர். இப்படிப்பட்டவரின் கணக்கை மூடினால் யாருக்கும் வருத்தம் இருக்காது. தொல்லை என்னவென்றால், அவரை மூட உதவும் அதே வரி, ஒழுங்காக எழுதியவரை மூடவும் உதவுகிறது. இருவரையும் பிரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நடுவர் இல்லை.

வராக்கடன்

சில ஆண்டுகளுக்கு முன் நம் சமூகத்து இளைஞர் ஒருவர் கணக்கு எழுத என்னிடம் வந்தார். பகலில் ஒரு வேலை. இரவில் பிரிட்டன், கனடா வாசகர்களுக்காகக் கசினோக்களை ஒப்பிட்டு எழுதும் தளம். வீட்டுக் கடனின் ஒரு பகுதியை அந்தக் கமிஷன்தான் கட்டியது. அவருக்கு வர வேண்டிய 18,000 டாலர் திரையில் இருந்தபோது கணக்கு மூடப்பட்டது. காரணமாக வந்தது "விதிமீறல்" என்ற ஒரு சொல். எந்த விதி, எந்தத் தேதி என்று மூன்று முறை எழுதிக் கேட்டோம். மூன்று முறையும் அதே கடிதம் திரும்பி வந்தது.

"அங்கிள், நான் உழைத்துச் சேர்த்த ஆட்கள் இன்னும் அங்கேதான் விளையாடுகிறார்கள். அவர்கள் கணக்கு மட்டும் திறந்திருக்கிறதே, என் கணக்கு ஏன் மூடியது?" என்று கேட்டார். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாதத் தவணைதான் அவர் மனத்தில் இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

அதில் ஒரு பகுதியை முந்திய ஆண்டின் வருமானமாகக் காட்டி வரியும் கட்டியிருந்தோம். கைக்கு வராத பணத்துக்குக் கட்டிய வரி. ஆகவே அந்த ஆண்டுக்குள்ளேயே அதை வராக்கடன் என்று புத்தகத்தில் எழுதித் தள்ளினோம். இந்நாட்டு வரிச் சட்டத்தில், வராது என்று தீர்மானித்து அந்த ஆண்டிலேயே எழுதித் தள்ளினால்தான் கழிவு கிடைக்கும். வரியில் கொஞ்சம் மீண்டது, கமிஷன் மீளவில்லை. நிறுவனம் இருந்த நாட்டில் வழக்குப் போட வக்கீல் கேட்ட முன்பணத்துக்கு அந்த 18,000 போதாது.

சட்டம் யாருக்குத் துணை?

நம் ஊர் எல்.ஐ.சி. ஏஜென்டை நினைத்துப் பாருங்கள். அவரும் ஆள் சேர்த்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவர்தான். ஆனால் 1938ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தை எழுதியவர்கள், குறிப்பிட்ட காலம் பணியாற்றிய ஏஜென்டை விலக்கினாலும் மோசடி இல்லாதவரை அவருக்குரிய புதுப்பிப்புக் கமிஷனை நிறுத்தக்கூடாது என்று 44ஆம் பிரிவில் எழுதினார்கள். 1972ஆம் ஆண்டு எல்.ஐ.சி. ஏஜென்ட் விதிகள், ஏஜென்ட் இறந்த பின்னும் வாரிசுக்குக் கமிஷன் போக வழி செய்தன. கணவர் மறைந்தபின் ஆண்டுதோறும் வந்த அந்தச் சிறு தொகையில் பிள்ளையைப் படிக்க வைத்த குடும்பங்கள் நம்மில் உண்டு. உண்மையான வாழ்நாள் கமிஷன் அது. சட்டத்தில் எழுதியிருந்ததால் கிடைத்தது.

ஐரோப்பாவில் வணிக ஏஜென்ட்களுக்கு 1986ஆம் ஆண்டிலேயே ஒரு நெறிமுறை வந்தது. பிரிட்டன் அதை 1993இல் விதியாக்கியது. ஒப்பந்தத்தை முறித்தால் ஏஜென்டுக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும். ஆனால் அது சரக்கு விற்கும் ஏஜென்டுக்கு மட்டும். சேவைக்கு ஆள் சேர்ப்பவருக்குக் கிடையாது.

சூதாடுகிறவருக்காவது நுகர்வோர் சட்டம் துணை நிற்கிறது. 2018இல் பெட்ஃபிரெட் நிறுவனத்தின் இணைய விளையாட்டில் ஒருவர் 17 லட்சம் பவுன் ஜெயித்தார். மென்பொருளில் கோளாறு, விதிமுறைப்படி தர மாட்டோம் என்றது நிறுவனம். அந்த விதி வாடிக்கையாளரின் கண்ணில் படும்படி வைக்கப்படவில்லை, செல்லாது என்று 2021இல் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. இணைப்புத் தரகர் நுகர்வோர் அல்ல, வியாபாரி. அவர் அந்தக் கதவைத் தட்ட முடியாது.

நியூசிலாந்தில் ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. நியாயமற்ற ஒப்பந்த விதிகளைத் தடுக்கும் பகுதி, 2022 ஆகஸ்ட் 16 முதல், ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேற்படாத சிறு வியாபார ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும். ஒரு தரப்பு மட்டும் நினைத்தபோது ஒப்பந்தத்தை முடிக்கலாம், மாற்றலாம் என்ற விதியை அந்தச் சட்டமே நியாயமற்றதற்கு உதாரணமாகக் காட்டுகிறது. ஆனால் வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் உரிமை வர்த்தக ஆணையத்துக்கு மட்டுமே. மேலும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் மால்ட்டா சட்டம், ஜிப்ரால்டர் சட்டம் என்று எழுதியிருக்கும். எந்த ஊர் நீதிமன்றம் என்பதே பாதி வழக்கு என்று முன்பே சொன்னேன் அல்லவா?

இந்நாட்டு மக்களை நோக்கி எழுதுகிறவருக்கு அந்தக் கதவும் இல்லை. 2003ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் வெளிநாட்டுச் சூதாட்டத்தை இங்கே விளம்பரம் செய்வதைக் குற்றமாக்கியது. 2025 ஜூன் 28 முதல், நியூசிலாந்தில் இருப்பவரிடம் விளையாட்டு, குதிரைப் பந்தயங்களுக்கு வெளிநாட்டு நிறுவனங்கள் பணம் வாங்குவதும் தடை செய்யப்பட்டது. இணையக் கசினோக்களுக்கு அதிகபட்சம் 15 உரிமங்கள் கொடுக்கும் மசோதாவும் அதே ஆண்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடுத்து, அவற்றை விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றது. ஊரில் இருக்கும் மைத்துனரையோ தம்பியையோ இதில் சேர்த்துவிட நினைப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தத் தொழிலில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஒரு கணக்கனாக நான் சொல்வது சிலவே. திரையில் தெரியும் கணக்கை மாதந்தோறும் அச்சிட்டு உங்கள் கோப்பில் வையுங்கள். மூடிய பின் உங்களிடம் இருக்கும் சாட்சி அது ஒன்றே. சேர்ந்த பணத்தை அங்கே தங்கவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் முடித்தல், மாற்றுதல், எந்த நாட்டுச் சட்டம் என்ற மூன்று வரிகளை முதலில் படியுங்கள். வங்கிக்கு வந்து சேராத கமிஷனை நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள்.

இன்னும் ஒன்றும் சொல்ல வேண்டும். அந்த இளைஞரின் 18,000 டாலருக்கு நான் வருந்தினேன். உழைத்த கூலியைக் காரணம் சொல்லாமல் பிடித்துக்கொள்வது எந்தத் தொழிலிலும் அநியாயம். ஆனால் அந்தத் தொகைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பதிவு இருக்கிறது. 30 சதவீதம் 18,000 என்றால், நிகரமாகத் தோற்றது 60,000 டாலர். முகம் தெரியாத பலருடைய சம்பளம் அது. அவர்களும் தம் தவணையை யோசித்தபடி யார் வீட்டிலோ உட்கார்ந்திருந்திருப்பார்கள். இரட்டைப் பதிவு முறையில் ஒரு பக்கத்தை மட்டும் எழுத முடியாது. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளிடம் பெற்றோர் பேச வேண்டியது அந்த மறுபக்கத்தைப் பற்றித்தான்.

உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ சூதாட்டம் தொல்லையாகியிருந்தால், கட்டணமில்லாத உதவித் தொலைபேசி எண் 0800 654 655. கூச்சப்படாமல் அழையுங்கள். அடுத்த மாதம் வேறு பொருளோடு சந்திப்போம். வணக்கம்.